எல்லைக் கிராமங்களில் இடம்பெயர்ந்து இருப்பவர்களுக்கு ஊர்க்காரர் நாமே உதவுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

மாரி தொடங்கினால் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் ஒவ்வொரு ஊரிலும் ஒரு விளையாட்டுக் கழகமோ, கோயில் நிர்வாக சபையோ, பள்ளிவாசலோ, வெளிநாட்டில் இருக்கும் ஊர்ப்பிள்ளைகளின் வட்ஸ்அப் குழுவோ நிவாரணத்துக்குக் கிளம்பிவிடும். நல்ல மனம் நம்மிடம் நிறையவே இருக்கிறது. ஆனால் அந்த வாகனங்களில் பெரும்பாலானவை காபட் வீதி முடிகிற இடத்தோடு நின்றுவிடுகின்றன, அதற்கு அப்பால் வடமுனை, ஊத்துச்சேனை, புல்லுமலை, கச்சக்கொடி சுவாமிமலை, தங்கவேலாயுதபுரம் என்று காட்டோரமாக நீளும் ஊர்களில் பாடசாலைக் கட்டடத்திலோ உறவினர் வீட்டுத் தாழ்வாரத்திலோ படுத்திருக்கும் சனத்தை யாரும் கண்டுகொள்வதில்லை. இந்த வழிகாட்டி அவர்களுக்கு உதவ நினைக்கும் சிறு குழுக்களுக்கானது. பத்துப் பேர், ஒரு மோட்டார் சைக்கிள், ஒரு கொப்பி, கொஞ்சக் காசு இருந்தால் போதும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் மூன்று நாட்களுக்கு எல்லோரும் வருவார்கள், அரசாங்கமும் சமைத்த சாப்பாடு கொடுக்கும். உங்கள் குழுவின் உண்மையான வேலை நான்காம் நாள்தான் தொடங்குகிறது. அந்த நாளில் இருந்து குடும்பங்கள் வீடு திரும்பி, அடுத்த போகம் விதைக்கும் வரைக்கும் யார் கூட நிற்பது என்பதுதான் கேள்வி. காசையும் ஆளையும் அதற்கு ஏற்றபடி முதலே பிரித்து வையுங்கள். முதல் நாளே கையில் உள்ளதை எல்லாம் கொட்டிவிட்டால் மூன்றாம் கிழமையில் வெறுங்கையோடு நிற்க வேண்டி வரும்.

எல்லையில் இருப்பவர்களின் சிக்கல் ஏன் வேறு

1961இல்தான் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. அதற்கு முன் எல்லாமே மட்டக்களப்பு. கோடு பிறகு விழுந்தது, சனத்தின் வாழ்க்கை அந்தக் கோட்டைப் பார்த்து நடப்பதில்லை. பெரியநீலாவணை அம்பாறையில், பக்கத்துத் துறைநீலாவணை மட்டக்களப்பில். கொண்டான் கொடுத்தான் உறவு இரண்டு பக்கமும் இருக்கிறது. மேற்கே போனால் பொலன்னறுவை, பதுளை, மொனராகலை மாவட்டங்கள், வடக்கே வெருகல் ஆறு தாண்டினால் திருகோணமலை. வெள்ளம் வந்தால் பக்கத்தில் மேடான இடம் எங்கே இருக்கிறதோ அங்கேதான் சனம் ஓடும், அது எந்த மாவட்டம் என்று பார்த்து ஓடாது.

பிறகுதான் சிக்கல். நிவாரணம் கொடுக்கப்படுவது கிராம உத்தியோகத்தர் பிரிவின் பட்டியலை வைத்து. உங்கள் பெயர் ஒரு பிரதேச செயலகத்தில், நீங்கள் படுத்திருப்பது இன்னொரு பிரதேச செயலகத்தில் என்றால், “அங்கே பதிந்திருப்பீர்கள்” என்று இங்கேயும், “ஆள் இங்கே இல்லையே” என்று அங்கேயும் சொல்லி இரண்டு பக்கமும் விடுபட்டுப் போகலாம். 2006 ஆகஸ்டில் போர் மூண்டபோது மூதூர் கிழக்கு, ஈச்சிலம்பற்றுச் சனம் வெருகல் ஆற்றைக் கடந்து கதிரவெளிக்கும் வாகரைக்கும் வந்தது. சில மாதங்களில் வாகரைச் சனத்தோடு சேர்ந்து வாழைச்சேனைப் பக்கமும் மட்டக்களப்புப் பக்கமும் மறுபடி ஓடியது. 2007 தொடக்கத்தில் வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைச் சனமும் எழும்பியபோது மட்டக்களப்பு மாவட்டத்தில் இடம்பெயர்ந்தோர் தொகை ஒன்றரை இலட்சத்தைத் தொட்டது. ஒரே குடும்பம் இரண்டு மூன்று முகாம் மாறிய காலம் அது. ஒவ்வொரு மாற்றத்திலும் ஒரு அட்டை, ஒரு பதிவு, ஒரு கையெழுத்து தவறிப்போகும். இன்று வெள்ளத்தாலோ யானையாலோ வீட்டை விட்டு எழும்பும் குடும்பத்துக்கும் அதே ஓட்டைதான் காத்திருக்கிறது, அளவுதான் சிறிது.

பட்டியல்தான் முதல் வேலை

சாமான் வாங்கும் முன் பட்டியல் எழுதுங்கள். இரண்டு பேர் போனால் போதும், அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும், ஏனென்றால் சில விடயங்களை ஆம்பிளைப் பிள்ளையிடம் எந்தத் தாயும் சொல்லமாட்டாள். ஒரு குடும்பத்துக்கு ஒரு பக்கம். குடும்பத்தில் எத்தனை பேர், வயது, சொந்த ஊரும் கிராம உத்தியோகத்தர் பிரிவும், இப்போது தங்கியிருக்கும் இடம், அங்கே பதிவு செய்தாயிற்றா இல்லையா, கர்ப்பிணி உண்டா, பால்குடிப் பிள்ளை உண்டா, நடக்க முடியாதவர் உண்டா, கிளினிக் மருந்து எடுப்பவர் யார், அடையாள அட்டை யாருடையது தொலைந்தது. இவ்வளவும் தேவை. இதற்கு மேல் கேட்காதீர்கள். யார் எந்தக் கட்சி, முன்னே எந்த இயக்கத்தில் இருந்தார்கள் என்பது போன்ற கேள்வி உங்கள் கொப்பியில் ஒருபோதும் வரக்கூடாது. அந்தக் கொப்பி யார் கைக்கும் போகாமல் ஒரு ஆளின் பொறுப்பில் இருக்கட்டும், படம் எடுத்து வட்ஸ்அப்பில் போட வேண்டாம்.

உறவினர் வீட்டில் தங்கியிருப்பவர்களை மறக்க வேண்டாம். பாடசாலையில் இருப்பவர்கள் கண்ணுக்குத் தெரிவார்கள், பெரியம்மா வீட்டில் ஒதுங்கிய குடும்பம் தெரியாது, வீட்டுக்காரரும் மானத்துக்குப் பயந்து சொல்லமாட்டார். ஏற்கெனவே கூலி வேலை செய்து ஐந்து பேருக்குச் சமைத்த அந்தப் பெரியம்மா இப்போது பத்துப் பேருக்குச் சமைக்கிறாள். அந்த வீட்டுக்கும் சேர்த்துத்தான் உலர் உணவு கொடுக்க வேண்டும்.

பட்டியல் முடிந்த உடனே அங்கத்தைய கிராம உத்தியோகத்தரிடம் போங்கள். சண்டை பிடிக்கப் போவதல்ல, ஒப்பிட்டுப் பார்க்கப் போவது. “ஜீ.எஸ். ஐயா, எங்களிடம் இத்தனை குடும்பம் இருக்கு, உங்கட பட்டியலில் இவ்வளவு பேர் இல்லை” என்று பெயரோடு காட்டினால் பெரும்பாலும் அவரே சேர்த்துவிடுவார், ஏனென்றால் வெள்ளத்தில் அவரும் எல்லா இடமும் போயிருக்க முடியாது. வேறு மாவட்டத்துக் குடும்பம் என்றால் இரண்டு பிரதேச செயலாளர்களுக்கும் ஒரே கடிதத்தை எழுதி, பிரதியில் முத்திரை வாங்கி வையுங்கள். அந்த முத்திரை வாங்கிய பிரதி பின்னால் மிகவும் உதவும். மாவட்ட அனர்த்த முகாமைத்துவ அலகுக்கும் ஒரு பிரதி கொடுங்கள். 2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தின் கீழ் வந்த அமைப்பு அது, அவசர அழைப்பு இலக்கம் 117.

காசும் கணக்கும்

தனி ஆளின் வங்கிக் கணக்கில் நிவாரணக் காசு சேர்க்காதீர்கள். எவ்வளவு நேர்மையான ஆளாக இருந்தாலும் இரண்டாம் மாதம் கதை கிளம்பும், அந்தக் கதை குழுவையே உடைக்கும். ஊரில் கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமோ ஏற்கெனவே பதிவோடும் கணக்கோடும் இருக்கும், அதன் ஊடாகச் செய்யுங்கள், இரண்டு பேர் கையெழுத்து இல்லாமல் காசு எடுக்க முடியாதபடி. வரவையும் செலவையும் ஒரு தாளில் எழுதிக் கோயில் சுவரிலும் சங்கக் கட்டடத்திலும் ஒட்டுங்கள். இடம்பெயர்ந்தவர்கள் தங்கியிருக்கும் இடத்திலும் ஒட்டுங்கள், அவர்கள் பெயரில் வந்த காசு அது.

சேரும் காசில் குறைந்தது பாதியை நான்காம் நாளுக்குப் பிறகு என்று ஒதுக்கி வைப்பது என் கணக்கு. வெளிநாட்டில் இருந்து தருபவர்கள் “உடனே கொடுத்துப் படம் அனுப்புங்கோ” என்று அவசரப்படுத்துவார்கள். அவர்களுக்கு இதைப் பொறுமையாக விளங்கப்படுத்துங்கள்.

தண்ணீரும் கழிப்பறையும்

முகாமில் ஆட்களைக் கொல்வது பசியை விட வயிற்றோட்டம் என்பதைப் பலர் உணர்வதில்லை. அரிசிக்கு ஓடும் வேகத்தில் பாதியாவது தண்ணீருக்கு ஓட வேண்டும்.

உலகமெங்கும் மனிதாபிமானப் பணியாளர்கள் பின்பற்றும் ஸ்பியர் நியமங்களின்படி ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்குக் குடிக்க, சமைக்க, கழுவ எல்லாமாகக் குறைந்தது 15 லீற்றர் தண்ணீர் வேண்டும். நாற்பது குடும்பம், இருநூறு பேர் ஒரு பாடசாலையில் என்றால் நாளுக்கு 3000 லீற்றர். ஆயிரம் லீற்றர்த் தாங்கி ஒன்று வைத்தால் மூன்று முறை நிரப்ப வேண்டும். இந்தக் கணக்கோடு பிரதேச சபையில் போய் பௌசர் (தண்ணீர் வண்டி) கேளுங்கள், வெறுமனே “தண்ணி இல்ல ஐயா” என்று கேட்பதை விட அது வேலை செய்யும். குடும்பத்துக்கு 10 முதல் 20 லீற்றர் வரை பிடிக்கும் கான் இரண்டு வேண்டும், ஒன்று மூடியோடு, குடிதண்ணீருக்கு மட்டும். தண்ணீர் வந்தும் பிடித்து வைக்கப் பாத்திரம் இல்லாமல் வீணாகப் போவது முகாம்களில் அடிக்கடி நடக்கிறது.

குளோரின் குளிசை போடுவதாக இருந்தால், கலங்கல் தண்ணீரைத் தெளியவிட்டு, சுத்தமான துணியில் வடித்த பிறகே போட வேண்டும், போட்டு அரை மணி நேரம் கழித்தே குடிக்க வேண்டும். கலங்கல் தண்ணீரில் நேராகப் போட்டால் குளோரின் சேற்றோடு செலவாகிவிடும். அளவு குளிசைக்குக் குளிசை வேறுபடும், பெட்டியில் உள்ளதைப் பாருங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கூப்பிட்டுத் தாங்கியில் குளோரின் போதுமா என்று பார்க்கச் சொல்லுங்கள், குழாயடியில் லீற்றருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை நிற்க வேண்டும்.

கழிப்பறை ஆரம்பத்தில் 50 பேருக்கு ஒன்று என்று சமாளிக்கலாம், நாள் போகப்போக 20 பேருக்கு ஒன்று என்று கொண்டு வர வேண்டும். பெண்களுக்கு ஆண்களை விட மூன்று மடங்கு வேண்டும் என்று அதே நியமம் சொல்கிறது, பாடசாலைகளில் பெரும்பாலும் சரிபாதியாகவே கட்டியிருப்பார்கள், அதனால் ஆண்கள் பக்கத்தில் ஒன்றிரண்டைப் பெண்களுக்கு மாற்றி எழுதி ஒட்டுங்கள். உள்ளே பூட்டு இருக்கிறதா, இரவில் வழியில் வெளிச்சம் இருக்கிறதா என்று நீங்களே இரவில் ஒருமுறை நடந்து பாருங்கள். வெளிச்சம் இல்லாத கழிப்பறைக்குப் பெண்பிள்ளைகள் போகமாட்டார்கள், தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள். புதிதாகக் குழி வெட்டுவதென்றால் கிணற்றில் இருந்து 30 மீற்றராவது தள்ளி வெட்ட வேண்டும். எங்கள் மணல் நிலத்தில் நிலத்தடி நீர் கையெட்டும் தூரத்தில் இருப்பதால் அதற்கும் மேலே தள்ளினால் இன்னும் நல்லது.

சாப்பாட்டுச் சாமான்

சமைத்த உணவு நின்றதும் உலர் உணவு. ஆளுக்கு நாளுக்கு அரிசி 400 கிராம், பருப்பு 60 கிராம், எண்ணெய் 20 கிராம், சீனி 20 கிராம் என்று பிடித்தால் ஐந்து பேர் குடும்பத்துக்குக் கிழமைக்கு 14 கிலோ அரிசி, 2 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே பருப்பு, 700 கிராம் எண்ணெய், அதே அளவு சீனி. இதோடு தேங்காய், உப்பு, தூள், தேயிலை, நெத்தலியோ ரின் மீனோ சேர்த்தால்தான் ஒரு ஆளுக்குத் தேவைப்படும் 2100 கலோரியைத் தொடும். எல்லோருக்கும் ஒரே அளவுப் பொதி கொடுக்கும் பழக்கத்தை விடுங்கள், இரண்டு பேர் குடும்பத்துக்கும் எட்டுப் பேர் குடும்பத்துக்கும் ஒரே பொதி என்றால் எட்டுப் பேர் குடும்பம் மூன்றாம் நாளே பட்டினி.

எல்லைக் கிராமத்துக்கென்று ஒரு விடயம் இருக்கிறது, கரையோர ஊர்களில் இருந்து போகிறவர்களுக்கு இது தெரியாது. யானை அரிசி மணத்துக்கும் நெல் மணத்துக்கும் உப்புக்கும் வீட்டுச் சுவரை இடிக்கும். மண் வீட்டிலோ தகரக் கொட்டிலிலோ 25 கிலோ மூட்டையை இறக்கிவிட்டு வந்தால் நீங்கள் உதவி செய்யவில்லை, இரவுக்கு ஆபத்தை வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். “அரிசிய இங்க வெக்காதீங்க மகன், ஆனை வரும்” என்று ஒரு அம்மா சொன்னால் அவர் வேண்டாம் என்று மறுக்கவில்லை, இடம் கேட்கிறார். ஊரில் உறுதியான கட்டடம் எது என்று பார்த்து, பலநோக்குக் கட்டடமோ பாடசாலைக் களஞ்சியமோ, அங்கே மூட்டையை வைத்துக் கிழமைக்கு இரண்டு தடவை சிறிது சிறிதாகக் கொடுங்கள். பங்கீட்டைப் பகலிலேயே முடியுங்கள். சனம் பொதியோடு பொழுதுபட்ட பிறகு காட்டுப்பாதையில் நடக்கக்கூடாது, நீங்களும் அந்த நேரத்துக்குள் திரும்பிவிட வேண்டும்.

பால்மா விடயத்தில் கவனம். பால்குடிப் பிள்ளை இருக்கும் எல்லோருக்கும் குழந்தைப் பால்மா பெட்டி கொடுப்பது பாசமாகத் தெரியும், ஆனால் சுத்தமான தண்ணீரும் கழுவிய போத்தலும் இல்லாத இடத்தில் அது வயிற்றோட்டத்தைக் கொண்டு வரும், தாய்ப்பாலையும் குறைத்துவிடும். பால் கொடுக்கும் தாய்க்கு நல்ல சாப்பாடும் தண்ணீரும் மறைவான இடமும் கொடுங்கள். தாய் இல்லாத பிள்ளை, பால் கொடுக்க முடியாத தாய் என்றால் அந்தப் பகுதிக் குடும்பநல மாதுவிடம் சொல்லி அவர் சொல்வதைச் செய்யுங்கள்.

மருந்து, பாம்பு, காய்ச்சல்

கிளினிக் கொப்பி தண்ணீரில் போயிருக்கும். சீனி வருத்தத்துக்கும் பிரசருக்கும் வலிப்புக்கும் மருந்து எடுப்பவர்களின் பெயர்களைப் பட்டியலில் இருந்து தனியே எடுத்து, பக்கத்து ஆதார வைத்தியசாலைக்கோ சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கோ கொண்டு போங்கள். மருந்தை நீங்கள் கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம். வயிற்றோட்டம் என்றால் ஜீவனி என்ற உப்புச்சீனிக் கரைசல் தூள், ஒரு பக்கெட்டுக்குக் கொதித்தாறிய தண்ணீர் ஒரு லீற்றர், கலந்தது ஒரு நாளைக்கு மேல் வைக்கக்கூடாது. வயலில் இறங்குபவர்களுக்கு எலிக்காய்ச்சல் ஆபத்து உண்டு, அதற்குத் தடுப்பு மருந்தைப் பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஊடாகவே பெற வேண்டும். பாம்பு கடித்தால் கீறவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம், ஆளை நடக்க விடாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு போங்கள். அம்புலன்சுக்கு 1990. எல்லை ஊர்களில் சிக்னல் கிடைக்கும் இடம் எதுவென்று முன்கூட்டியே கேட்டு வைத்திருங்கள்.

பெண்கள், பிள்ளைகள்

பெண்களுக்கான பொதியைப் பெண்களே பிரிக்கட்டும். பேட்ஸ், உள்ளாடை, சவர்க்காரம், ஒரு டோர்ச், மறைப்புக்கு ஒரு சேலையோ படங்கோ. வெளியே தெரியாத பையில் கொடுங்கள். முகாமில் குடிபோதையில் தொந்தரவு, பிள்ளைகளுக்குப் பாதுகாப்பில்லாத நிலை என்று தெரிந்தால் நீங்கள் பஞ்சாயத்து வைக்க வேண்டாம், பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவருக்கு 1929. மட்டக்களப்பில் இந்த வேலையில் பழகிய பெண்கள் அமைப்புகள் இருக்கின்றன. சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் 1991இல் கொழும்பில் இடம்பெயர்ந்த பெண்கள் மத்தியில் தொடங்கி 1993இல் மட்டக்களப்புக்கு வந்தது. அகதி முகாமுக்குள் இருந்தே எழும்பிய அமைப்பு என்பதால் அவர்களிடம் கேட்டுப் படிக்க நிறைய உண்டு.

பிள்ளைகளுக்கு விளையாட்டும் கொப்பியும் சாப்பாட்டுக்கு அடுத்தபடி. பந்து ஒன்று, கயிறு ஒன்று, பாய் விரித்துப் படம் கீற வெள்ளைத்தாள், பின்னேரத்தில் கூட இருக்க இரண்டு அக்காமார். 1996இல் மட்டக்களப்பு நகரில் தொடங்கிய வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா, போரில் பாதிக்கப்பட்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகளை ஒன்றாக வைத்து விளையாட்டாலும் கதையாலும் ஓவியத்தாலும் ஆற்றுப்படுத்தியது. எங்கள் மண்ணிலேயே அப்படி ஒரு முன்மாதிரி இருக்கிறது. பரீட்சை எழுதும் பிள்ளைகளைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். 2024 நவம்பரில் உயர்தரப் பரீட்சை நடந்துகொண்டிருக்கும்போதே வெள்ளம் வந்து இடையில் நிறுத்த வேண்டி வந்தது. அப்படிப்பட்ட பிள்ளைக்கு அனுமதி அட்டை, அடையாள அட்டை, போக்குவரத்து, இரவில் படிக்க ஒரு விளக்கு, இந்த நான்கையும் உங்கள் குழுவால் உறுதிப்படுத்த முடியும்.

போக்குவரத்து: இதில் துணிச்சல் காட்ட வேண்டாம்

2024 நவம்பரில் மாவடிப்பள்ளியில் மதரசா மாணவர்களை ஏற்றிச் சென்ற உழவு இயந்திரம் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டது. அந்தத் துயரத்துக்குப் பிறகும் பாயும் தண்ணீருக்குள் மெசின் (உழவு இயந்திரம்) பெட்டியில் ஆட்களை ஏற்றிப் போவதைக் காண்கிறோம். மெசின் உயரம், பாரம், ஓட்டுபவரின் அனுபவம் எதுவும் பாயும் தண்ணீர் முன்னால் கணக்கில்லை. கிரான் – புலிபாய்ந்தகல் வீதி போல ஆண்டுதோறும் மூழ்கும் இடங்களில் படகுச் சேவை நடக்கும், அதற்குக் காத்திருங்கள். உன்னிச்சைக்குளம், நவகிரிக்குளம் வான்கதவு திறக்கும் நேரத்தை நீர்ப்பாசனத் திணைக்களத்திடம் கேட்காமல் படுவான்கரைப் பக்கம் வாகனத்தை விடாதீர்கள், போகும்போது வறண்டிருந்த பாதை திரும்பும்போது ஆறாக இருக்கும்.

படம்

1994இல் செஞ்சிலுவை இயக்கமும் தொண்டு நிறுவனங்களும் சேர்ந்து ஒப்புக்கொண்ட நடத்தைக் கோவையின் பத்தாவது விதி, பாதிக்கப்பட்டவர்களைக் கையறு நிலையில் உள்ள பொருள்களாகக் காட்டாமல் மானமுள்ள மனிதர்களாகக் காட்ட வேண்டும் என்கிறது. அதே கோவை, உதவியை வைத்து எந்த அரசியலையும் மதத்தையும் வளர்க்கக்கூடாது என்றும் சொல்கிறது. ஒரு கிலோ சீனியைக் கையில் கொடுத்து கமெராவைப் பார்க்கச் சொல்வது இந்த இரண்டையும் மீறுவது. கணக்குக் காட்ட வேண்டுமென்றால் இறக்கிய மூட்டைகளையும் கையெழுத்துத் தாளையும் படம் எடுங்கள், ஆட்களின் முகம் வேண்டாம். கட்சிச் சின்னம் ஒட்டிய பையை வாங்காதீர்கள். தமிழ் ஊருக்கு முஸ்லிம் ஊரில் இருந்தும், முஸ்லிம் ஊருக்குத் தமிழ் ஊரில் இருந்தும் சாமான் போகட்டும். 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது கரையோரம் எங்கும் முதல் சோறு கொண்டு வந்தவர்கள் பக்கத்து ஊர்க்காரர்தான். எல்லையில் ஒதுங்கியிருக்கும் சிங்களக் குடும்பம் உங்கள் பட்டியலில் வந்தால் அதற்கும் அதே அளவுதான்.

ஆவணமும் காணியும்

நான்காம் நாளுக்குப் பிறகு உங்கள் குழு செய்யக்கூடிய மிகப் பெறுமதியான வேலை இது என்று நினைக்கிறேன், இதற்கு அதிகம் காசும் தேவையில்லை, எழுதத் தெரிந்த இரண்டு பிள்ளைகளும் பொறுமையும் போதும்.

யாருக்கு அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், காணி உத்தரவுப் பத்திரம் தொலைந்தது என்று பிரித்து எழுதுங்கள். அடையாள அட்டை தொலைந்தால் பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியோடு கிராம உத்தியோகத்தர் ஊடாக விண்ணப்பிக்க வேண்டும். பிறப்பு, விவாகப் பிரதிகளுக்குப் பிரதேச செயலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். ஒவ்வொருவராகப் போனால் ஒரு நாள் கூலி போகும், பஸ் காசு போகும், அதனால் ஒரு வானில் பத்துப் பேராகக் கூட்டிப் போங்கள், படிவங்களை முதல் நாளே நிரப்பி வையுங்கள்.

காணிப் பெர்மிட் மிகவும் முக்கியம். எல்லை ஊர்களில் பலர் உறுதிக் காணியில் இல்லை, 1935ஆம் ஆண்டுக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த உத்தரவுப் பத்திரத்தில் இருக்கிறார்கள், சிலரிடம் அதுவும் இல்லை. நீண்ட காலம் ஆள் இல்லாமல் கிடந்தால் காடு மூடும், பிறகு அது யாருடைய காணி, எந்தத் திணைக்களத்தின் எல்லை என்று இழுபறி தொடங்கும். எனவே வீட்டின் நான்கு பக்கமும், கிணறு, எல்லை மரம், வேலிக்கட்டை எல்லாவற்றையும் திகதியோடு படம் எடுத்து வையுங்கள், பெர்மிட் இலக்கத்தைக் கொப்பியில் எழுதுங்கள், முடிந்தால் கிழமைக்கு ஒருமுறை குடும்பத்தில் ஒருவர் போய்ப் பார்த்து வர ஒழுங்கு செய்யுங்கள்.

எங்கள் பகுதி வழக்கத்தில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குச் சீதனமாகப் போகும். ஆனால் அரசாங்கப் படிவத்தில் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் ஆணின் பெயர்தான் விழும். சுனாமிக்குப் பிறகு வீட்டுத்திட்டங்களில் இது நடந்தது, தாய்வழி வந்த வளவை இழந்த பெண்ணுக்குப் பதில் கணவன் பெயரில் புது வீடு எழுதப்பட்டது, பெண்கள் அமைப்புகள் இதற்காக நெடுநாள் குரல் கொடுத்தன. மேலே சொன்ன காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் வாரிசு ஒழுங்கில் ஆண் பிள்ளைக்கு இருந்த முன்னுரிமை 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் நீக்கப்பட்டது. ஆகவே சேத மதிப்பீட்டுப் படிவம் நிரப்பும்போது வளவு யாருடையது என்று கேட்டு அந்தப் பெண்ணின் பெயரையே எழுதச் சொல்லுங்கள். பெர்மிட்டில் பின்னுரித்தாளர் (அடுத்து காணிக்கு உரித்தாகுபவர்) பெயர் பதிந்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

வேளாண்மை அழிந்தவர்கள் கமநல சேவை நிலையத்தில் எழுத்தில் அறிவிக்க வேண்டும், மாடு இழந்தவர்கள் கால்நடை வைத்தியரிடம். செத்த மாட்டைப் புதைக்கும் முன் காது இலக்கத்தையும் சேர்த்துப் படம் எடுக்கச் சொல்லுங்கள். மயிலத்தமடு, மாதவனைப் பக்கம் மாட்டுப்பட்டி வைத்திருப்பவர்கள் மேய்ச்சல் நிலத்துக்காக 2023 செப்டெம்பரில் தொடங்கிய போராட்டம் சித்தாண்டியில் வீதியோரத்தில் எவ்வளவு நீண்டது என்பது தெரியும், மேய்ச்சல் நிலம் போனால் பட்டிக்காரருக்கு வீடு இருந்தும் பிழைப்பு இல்லை. அவர்களையும் பட்டியலில் சேருங்கள்.

கடன்

நுண்கடன் எடுத்த பெண்கள் முகாமிலும் இருப்பார்கள், கிழமைக் கட்டுப்பணம் கேட்டு ஆட்கள் அங்கேயும் வருவார்கள். எந்தக் கம்பனி, எவ்வளவு மிச்சம், கடைசியாகக் கட்டிய திகதி என்று எழுதி, கிராம உத்தியோகத்தரின் உறுதிப்படுத்தலோடு தவணை ஒத்திவைக்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். வாய்ச்சொல்லை ஏற்க வேண்டாம், பதிலையும் எழுத்தில் கேளுங்கள். நிவாரண அரிசியை விற்றுக் கடன் கட்டும் நிலை இதனால்தான் வருகிறது, விற்றவர்மேல் கோபப்பட்டுப் பயனில்லை.

திரும்பிப் போகும்போது

வீடு திரும்புவது குடும்பத்தின் முடிவு. 1998இல் ஐக்கிய நாடுகள் வெளியிட்ட உள்ளக இடம்பெயர்வு வழிகாட்டிக் கோட்பாடுகளும் அதையே சொல்கின்றன: தாமாக விரும்பி, பாதுகாப்போடு, மானத்தோடு. பாடசாலை திறக்க வேண்டும் என்பதற்காகச் சேறு காயாத வீட்டுக்குத் தள்ளிவிட்டால் இரண்டு நாளில் மறுபடி திரும்பி வருவார்கள். அதற்குப் பதில் பாடசாலைக்கு மாற்றுக் கட்டடம் பாருங்கள்.

வீடு கழுவ மண்வெட்டி, வாளி, தும்புத்தடி, சுண்ணாம்பு தேவை. ஒவ்வொரு குடும்பத்துக்கும் வாங்க வேண்டாம், ஒரு செட் வாங்கி ஊர்ச் சங்கத்தில் வைத்தால் எல்லோரும் மாறி மாறிப் பாவிக்கலாம். வெள்ளத்தில் மூழ்கிய கிணற்றைச் சேறு எடுத்து, பரிசோதகர் சொல்லும் அளவில் குளோரின் போட்டு, மணம் போன பிறகு பாவிக்க வேண்டும். கடல் தண்ணீர் புகுந்த கரையோரக் கிணறு என்றால் கதை வேறு, சுனாமிக்குப் பிறகு கிழக்கில் கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்ததில் உப்பு வேகமாகக் குறையவில்லை, மழை வந்து கழுவ வேண்டியிருந்தது. அதுவரை பௌசர் தண்ணீரை நிறுத்த விடாதீர்கள்.

ஒதுக்கி வைத்த காசு இப்போதுதான் வேலை செய்யும். விதைநெல், ஒரு சோடி ஆடு, தையல் மெசின் திருத்தம், வலை, தோணிக்கு மராமத்து. குடும்பத்திடமே கேட்டு முடிவு செய்யுங்கள். எல்லோருக்கும் கோழிக்கூடு கொடுத்துவிட்டுக் கோழி வாங்கக் காசில்லாமல் விட்ட திட்டங்கள் ஏராளம்.

கடைசியாக, கொப்பியை மூடி வைக்காமல் ஆவணியில் ஒருமுறை எடுத்து அதே குடும்பங்களிடம் போங்கள். யார் தொலைபேசி இலக்கம் மாறிவிட்டது, யார் புதிதாகக் கர்ப்பம், யார் வீட்டுக் கூரை இன்னும் படங்கில் இருக்கிறது, எந்த முத்திரைக் கடிதத்துக்கு இன்னும் பதில் வரவில்லை என்று திருத்தி, ஐப்பசி பிறக்கும் முன் ஒரு பிரதியை ஜீ.எஸ். ஐயாவிடமும் இன்னொன்றைப் பக்கத்து மாவட்டத்து ஊர்ச் சங்கத்திடமும் கொடுத்து வையுங்கள். அடுத்த மாரிக்கு அவர்கள் எந்தப் பக்கம் ஓடினாலும் பெயர் அங்கே இருக்க வேண்டும்.